குந்துறதுக்கு ஒரு எடம்

எங்கள் பக்கத்தில் உட்காருவதற்கு இரண்டு சொல் இருந்தது. ரெட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு 'உக்காருங்க'. எங்க நைனாவுக்கு 'குந்துடா'. 'உக்காருங்க' என்றால் நாற்காலியோ பெஞ்சோ கயித்துக் கட்டிலோ ஏதாவது ஒண்ணு பின்னாடியே வரும். 'குந்துடா' என்றால் ஒண்ணும் வராது. மண்ணு ஏற்கெனவே அங்க இருக்கு. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணையும் ஒரே மூச்சில் கலந்து பேசுகிற எல்லைக்கோட்டு ஊர்கள் இவை. மூணு பாஷையிலும் இந்த வித்தியாசத்தை மட்டும் யாரும் கலக்கவில்லை.

கெலவரப்பள்ளி என்றால் இப்போது எல்லோருக்கும் நுரைதான் ஞாபகம் வரும். மழை பெய்து மதகு திறந்தால் தென்பெண்ணையில் வெள்ளை வெள்ளையாகப் பொங்கி, ரோட்டுக்கே ஏறி வந்து நிற்கும். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போவார்கள். பெங்களூரு கழித்து விடுகிற தண்ணி பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்ந்து, எல்லை தாண்டி எங்கள் அணைக்கு வருகிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரித் தண்ணி மேலேயே தீப்பிடித்து எரிந்ததே, அதே தண்ணிதான். அந்த ஏரிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதுசு திறக்கிறவரைக்கும் ஊர்ப்பட்ட பயணிகள் விமானமெல்லாம் அங்கேதான் இறங்கின. மேலே பறந்து போனவர்கள் எங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழே விட்டுப் போனது மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

நான் முதன்முதலில் எனக்கென்று ஒரு இருக்கையில் உட்கார்ந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. அங்கே எல்லோருமே தரைதான். நாங்கள் தரையிலும் கடைசித் தரை. டீக்கடையில் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்க ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் கூரையில் சொருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, கீழே வைத்தால் மேலேயிருந்து ஊத்துவார்கள். பெஞ்சு இருந்தது. அது ஊர்க்காரர்களுக்கு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிசாகச் சேர்ந்தபோதுதான் கேன்டீனில் ஸ்டீல் ஸ்டூல் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த பையன் எழுந்து போகிறானா என்று முதல் ஒரு வாரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவன் போகவில்லை. அவனுக்குப் பசி.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், 2024 அக்டோபரில் நாகபுரிக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையம் ஒன்றில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டி வந்தது. அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போகும்போது தோழர்களோடு ரயிலில்தான் போனேன். 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் பௌத்தம் தழுவிய தீட்சாபூமியில் தசரா சமயத்தில் சனம் கூடுவதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படுக்க எடமில்லாமல் ரோட்டோரமெல்லாம் சாக்கு விரித்துப் படுத்திருப்பார்கள். யாரும் அங்கே யாரையும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை. திரும்பி வருவதற்கு என் மகள் விமான டிக்கெட் போட்டு வைத்திருந்தாள். "இடுப்பு வலிய வெச்சிக்கிட்டு ரெண்டு ராத்திரி ரயில்ல குந்திக்கிட்டு வரியா நைனா? ஒழுங்கா இதுல வா" என்று போனில் சத்தம் போட்டாள். நேராக வருவதை விட வழியில் ஓர் ஊரில் மாறி வருவது மலிவு என்று அப்படிப் போட்டிருந்தாள்.

நாகபுரி விமான நிலையத்துக்கு 2005-லிருந்து டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பெயர். அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பெயருக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். இதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

மாறுகிற ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மகள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "உன் சம்பள அக்கவுண்டு கார்டு இருக்கில்ல, அத லவுஞ்சு வாசல்ல காட்டு. ரெண்டு ரூபா புடிப்பான். சோறு, டீ, சோபா எல்லாம் சும்மா." ரெண்டு ரூபாய்க்குச் சோறா என்று நான் நம்பவில்லை. வாசலில் இருந்த பெண் கார்டை வாங்கினாள், எந்திரத்தில் தேய்த்தாள், சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள், "வெல்கம் சார்" என்றாள். அவ்வளவுதான். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. எந்திரத்துக்குச் சாதி தெரியாது. அதற்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அது என் கார்டில் இருந்தது. கார்டு கொடுத்த கம்பெனி வேலையும், அந்த வேலைக்குள் நுழைய விட்ட இட ஒதுக்கீட்டுப் படிப்பும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் கதை மறுபடியும் நாகபுரிக்கே போகும்.

உள்ளே போனதும் ஆச்சரியமாக இருந்தது. பளபளப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இது கிழடு தட்டிய லவுஞ்சு. காப்பிப் பொடி நிறத்தில் ரெக்சின் சோபாக்கள், உட்கார்ந்தால் முட்டி மோவாயை இடிக்கிற அளவுக்குக் குழிந்தவை. தரைவிரிப்பில் சிகரெட்டுச் சூடு. உள்ளேயே புகைத்த காலத்துச் சூடு. சுவரில் லண்டன், துபாய், நியூயார்க் என்று மூன்று கடிகாரம், நியூயார்க் நின்றுபோயிருந்தது. யாரோ ஒரு மந்திரி திறந்து வைத்த பித்தளைப் பலகை. அதைத் தினமும் துடைத்துத் துடைத்து மந்திரி பெயரில் பாதி தேய்ந்திருந்தது. உப்புமா, சாம்பார், தயிர்சாதம், ஒரு பக்கம் சமோசா. எங்க ஊர் கல்யாண மண்டபத்துப் பந்தியைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரச் சோபாவில் உட்கார்ந்தேன். யாரும் 'குந்து' என்று சொல்லவில்லை. 'உக்காருங்க' என்றும் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சோபாவில் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். நான் போனில் பேசியதைக் கேட்டு, "தமிழா? எந்த ஊர் சார்?" என்றார். ஓசூர் என்றேன். "அட, நம்ம பக்கம். எனக்கு கிருஷ்ணகிரி. ஓசூர்ல எங்க?" கெலவரப்பள்ளிப் பக்கம் என்றேன். "டேம்கிட்டயா? அங்க எல்லாம் ரெட்டிங்கதானே நெறைய... நீங்க?"

இந்த 'நீங்க?' என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு ஒரு ராகம் உண்டு. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, புருவத்தைத் தூக்கி, பதிலை நம்மிடமே விட்டுவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த சாதிக்காரன் கேட்கிற முறை அது. எழுதப் படிக்கத் தெரியாதவன் நேராக 'என்ன சனம்?' என்று கேட்டுவிடுவான். அவனிடம் பதில் சொல்வது எளிது.

"நான் காலனிங்க" என்றேன்.

"ஓ... நல்லது, நல்லது" என்றார். நாகபுரிக்கு எதற்குப் போனேன் என்று கேட்டார், சொன்னேன். "அம்பேத்கர் பெரிய படிப்பாளி" என்றார். பிறகு டீ எடுத்து வருவதாக எழுந்து போனார். டீ எடுத்தார். அந்தப் பக்கம் தூணுக்கு அருகே இருந்த சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய செய்தித்தாள் மட்டும் எனக்கு எதிரே கிடந்தது. அதை எடுக்கக்கூட வரவில்லை.

எந்த வன்கொடுமைச் சட்டத்தில் இதை வைத்து எழுதுவது? ஒரு மனுசன் எழுந்து இன்னொரு சோபாவுக்குப் போனால் எந்தப் பிரிவு? ஒருவேளை அந்தச் சோபா குழியில்லாமல் இருந்திருக்கலாம். நாங்கள் இப்படித்தான் வாழ்நாள் பூராவும் எதிராளிக்காக நாமே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மசூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்ததை எழுதிய சின்னப் புத்தகம், 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள், ஒரு மத்தியானம் போதும். 1901-இல், அவருக்கு ஒன்பது பத்து வயசு. சதாராவிலிருந்து கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளையோடும் ரயிலில் போகிறார். கடுதாசி அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை. மசூரில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். நல்ல துணிமணி போட்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகார் என்று சொன்னதும் முகம் மாறி, தன் அறைக்குப் போய்விடுகிறார். பிறகு ஒரு வண்டிக்காரன் கிடைக்கிறான். கூலி இரண்டு மடங்கு. அதுவும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். தீட்டுப்படாமல் காசு வாங்குவதற்கு அவன் கண்டுபிடித்த வழி. அதே புத்தகத்தில், பள்ளிக்கூடத்தில் தான் உட்காருவதற்கு வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டுபோனதையும், அதைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வராமல் தினமும் திரும்ப எடுத்து வந்ததையும் எழுதியிருக்கிறார். பிறகு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பரோடாவில் வேலை பார்த்தபோது, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். இரவு ரயிலுக்கு நேரமாகும்வரை ஒரு பொதுப் பூங்காவில் காத்துக் கிடந்தார்.

அந்த மனுசர் பெயரில் இன்று ஒரு விமான நிலையம். காத்திருக்கும் அறையில் சோபாவும் உண்டு.

மசூரையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போன பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வண்டியில்லை, ராத்திரி குடிக்கத் தண்ணியில்லை. எனக்குத் தயிர்சாதம் இருந்தது. ரெண்டாவது தட்டும் வாங்கினேன்.

பதினோரு மணி வாக்கில் கூட்டம் குறைந்தது. சோபாக்களுக்கு இடையில் ஒரு பெண் துடைப்பானும் வாளியுமாக வந்தாள். நாற்பது வயசிருக்கும். நீலச் சட்டை, மேலே கம்பெனி பேர் போட்ட கோட்டு. என் காலடியில் துடைக்க வந்தபோது, காலைத் தூக்காமல் எழுந்து நின்றேன். எனக்கு அப்படியே பழக்கம். எங்க அம்மா ரெட்டி வீட்டில் சாணி போட்டு மெழுகினவள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துச் சோபாக்காரனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னதைக் கேட்டிருந்ததால் நானும் தெலுங்கிலேயே பேசினேன்.

"நீ கொஞ்சம் குந்தும்மா. நானும் ரொம்ப நேரமா பாக்கறன், நின்னுக்கிட்டே இருக்க."

"அய்யோ சார், கேமரா இருக்குது" என்று கண்ணாலேயே மூலையைக் காட்டினாள்.

எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஊரைச் சொன்னாள். பிறகு எங்கள் சனம் எல்லாம் கேட்கிற அந்த ரெண்டாவது கேள்வி: "ஊரிலயா, ஊருக்கு வெளியிலயா?" கிருஷ்ணகிரிக்காரர் கேட்டதும் இதே கேள்விதான். இவள் கேட்டபோது எனக்கு வயிறு இறுகவில்லை. "வெளியில" என்றேன். அதற்குப் பிறகு நான் 'சார்' இல்லை, 'அண்ணா'. அவள் எனக்குச் செல்லி.

ஒன்பது வருசமாக அங்கே வேலை. மூன்று காண்டிராக்டர் மாறியாயிற்று. காலை ஷிப்டு என்றால் விடியற்காலை நாலரைக்கு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். கக்கூஸ் கழுவுவது, தரை துடைப்பது, எச்சில் தட்டு எடுப்பது. எச்சில் தட்டு எடுக்கத் தனி ஆள் இருந்தார்களாம், குறைத்துவிட்டார்கள். எட்டு மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி. சாப்பிடுகிற எடம் எங்கே என்று கேட்டேன். கக்கூசுக்குப் பின்னால் சோப்புத்தூள், பினாயில் டப்பா வைக்கிற அறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் குந்திச் சாப்பிடுவது.

எழுபது எண்பது சோபா போட்ட எடத்தில், உட்காருவதற்கென்றே கட்டிய எடத்தில், ஒருத்திக்குக் கவிழ்த்த வாளி.

பிறகு ஒன்று சொன்னாள். இந்த லவுஞ்சை மூடப் போகிறார்கள், புது மாடியில் புதுசு கட்டுகிறார்கள். நல்லதுதானே என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். "இது பழசு அண்ணா. இங்க ஒரு எடத்துல தூணு மறைக்குது. அங்க ஒடஞ்ச சோபா ஒண்ணு போட்டிருக்காங்க, யாரும் உக்கார மாட்டாங்க. கேமராவுக்கு அது தெரியாது. முட்டி வலிச்சா நாங்க மாத்தி மாத்தி அஞ்சு நிமிசம் அதுல குந்துவோம். புதுசுல தூணே இல்ல. எல்லாம் கண்ணாடி."

ஊர் பேர் எழுதாததற்குக் காரணம் இதுதான்.

இப்படி ஒரு கணக்கு என் புத்தியில் வந்ததே இல்லை. பழசு, அழுக்கு, காலாவதியானது என்று பயணிகள் முகம் சுளித்த எடத்தில், பழசாக இருந்ததாலேயே ஒரு மூலை மிச்சமிருந்தது. நவீனமாக்குவது என்றால் நமக்கு நல்லது என்றுதான் நாம் பேசி வந்திருக்கிறோம். ஊரை விட்டு நகரத்துக்குப் போ என்று பாபாசாகேப் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நானே சிப்காட்டுக்குப் போனேன். அது இன்றும் சரி என்றே நினைக்கிறேன். டீக்கடை ரெட்டியை விடக் கார்டு தேய்க்கிற எந்திரம் மேல். ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நம் சனத்தை யார், எந்த எடத்தில், எத்தனை மணி நேரம் நிற்க வைக்கிறார்கள் என்ற கேள்வியையும் நாம்தான் கேட்டாக வேண்டும். வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

உட்காருகிற உரிமைக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கேரளத்தில் துணிக்கடையில் நாள் பூரா நின்ற பெண்கள் போராடி 2018-இல் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும், சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். 2021-இல்தான். அதற்கு ஒரு வருசம் முன்னால், 2020-இல், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. அவர் தலித் பெண். மற்றவர்கள் நாற்காலியில். நாற்காலி என்பது மரச் சாமான் என்று நினைக்கிறவர்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எங்க பக்கம் ரோசா விளையும். பாகலூர், பேரிகை, ஓசூர் சுற்று வட்டாரமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகள். பிப்ரவரி 14-க்கு முன்னால் வெளிநாடு போகிற 'தாஜ்மகால்' சிவப்பு ரோசா இங்கேயிருந்து லாரியில் பெங்களூரு போய், விமானம் ஏறும். என் அக்கா பத்து வருசம் அந்தப் பண்ணையில் பூ அறுத்தாள். காலையில் புகுந்தால் வெயில் ஏறுகிறவரை நின்றபடி வேலை. பூவை அறுத்தவுடன் குளிர் அறைக்கு எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் விரிந்துவிடும். ரோசாவுக்குக் காத்திருக்கும் அறை உண்டு. அக்கா ஒருநாளும் விமானம் ஏறினதில்லை. அவள் கை பட்ட பூ ஏறியிருக்கிறது. நான் நாகபுரியிலிருந்து வந்ததும் அவள் கேட்டது, "மேல போனா காது அடைக்குமாமே, பூவுக்கும் அடைக்குமா?" என்றுதான். சிரித்தோம்.

இப்போது எங்களுக்கே விமான நிலையம் வரப் போகிறதாம். 2024 சூன் 27 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், வருசத்துக்கு 3 கோடிப் பயணிகள் வந்து போகிற பன்னாட்டு விமான நிலையம். பெங்களூரு நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று கூடாது என்று இருக்கிறது, அதனால் இழுபறி. ஆனாலும் எடம் பார்க்கிறார்கள் என்ற பேச்சு வந்ததும் டீக்கடையில் ஏக்கர் விலை ஏறிவிட்டது. பட்டா இருக்கிறவனுக்கு விலை. எங்களில் பாதிப் பேருக்குக் கையில் இருப்பது நிபந்தனைப் பட்டா, அதுவும் இல்லாதவர்களுக்கு அனுபவ பாத்தியதை. 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கென்று வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலமெல்லாம் எப்படிக் கை மாறியது என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பரந்தூருக்காக ஏகனாபுரத்து மக்கள் 2022-லிருந்து போராடுகிறார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தேவனஹள்ளியில் நிலையம் வந்த பிறகும் பசி அடங்காமல் விண்வெளிப் பூங்காவுக்கென்று இன்னும் 1,777 ஏக்கர் கேட்டார்கள். சன்னராயப்பட்டணா பக்கத்து விவசாயிகள் மூன்று வருசத்துக்கு மேல் உட்கார்ந்து போராடி, 2025 சூலையில் கர்நாடக அரசைக் கைவிட வைத்தார்கள். உட்கார்ந்துதான் ஜெயித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எங்க காலனிப் பையன்களுக்கு ஆசை இருக்கிறது. வேலை வரும் என்கிறார்கள். ஆள் பிடிக்கிற மேஸ்திரி ஒருவன் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான், "ஏர்போர்ட்டு வந்தா ஹவுஸ்கீப்பிங் பூரா நம்ம சனத்துக்குத்தான்" என்று. நம்ம சனத்துக்குத்தான் என்பதை அவன் சந்தோசமாகச் சொல்கிறான்.

கிராமசபையில் விமான நிலையம் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் காலனியிலிருந்து முப்பது பேர் போயிருந்தோம், பெண்கள்தான் அதிகம். நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தேன். நிபந்தனைப் பட்டாக்காரர்களையும் அனுபவத்தில் இருப்பவர்களையும் நில உரிமையாளர் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றில் வருகிற நுரைக்கு வழி சொல்லாமல் இன்னொரு நிலையத்துக் கழிவை அதில் விடக் கூடாது. துப்புரவு வேலையைக் காண்டிராக்ட் விடக் கூடாது. அதையே எங்கள் சாதிக்கு ஒதுக்கவும் கூடாது, மேல் வேலையிலும் பங்கு வேண்டும். நாலாவதாக, அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்கள் உட்காருவதற்கு, கேமரா இருக்கிற எடத்திலேயே, எல்லோரும் பார்க்க, நாற்காலி போட வேண்டும்.

மூன்று வரை எழுதிய செயலர் பேனாவை நிறுத்தினார். "ஏங்க, நிலையமே வரல. நாற்காலியெல்லாமா தீர்மானத்துல எழுதுவாங்க?"

பின்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த என் அக்கா எழுந்து நின்றாள். "எழுதுங்க சார். மொதல்ல இங்க எங்களுக்கு நாலு பெஞ்சு போடணும்னும் சேத்து எழுதுங்க."

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையில் இருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு செயலர் எழுதினார். நாற்காலியை நாலாவதாக, பெஞ்சை ஐந்தாவதாக.